ஒரு மீட்டர் சாவி

மார்சூடிக்கு அந்த நறுக்கு மெஷினை இரண்டு தடவை கொடுத்தார்கள், ஒரு தடவை பிடுங்கினார்கள். பிடுங்கின அன்றைக்குத்தான் மெஷின் அவன் கைக்கு வந்தது. எப்படி என்று அவசரப்படாதீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

நான் துமினா. மெர்பாபு மலையடிவாரத்தில் பெரிய சாலை வளையும் இடத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். அடுத்த மனையில் மார்சூடி. புல் வெட்டுவான், வேலிச் செடி கத்தரிப்பான், மரங்களுக்குக் கவாத்து செய்வான். இரண்டு ஆள், ஒரு ஏணி, நாலு அரிவாள், ஒரு பழைய பிக்கப், இவ்வளவுதான் அவன் தொழில். கை சுத்தம், வேலை சுத்தம். வாய்தான் கிடையாது. அவனுக்கு வைத்திருந்த வாயையும் கடவுள் எனக்கே கொடுத்துவிட்டார் என்று என் புருஷன் சொல்வார். சொல்லிவிட்டு எட்ட நின்றுகொள்வார்.

மலைமேல் இருக்கும் விடுதியின் மேலாளர் விந்தார்தி அம்மாள், எங்கள் பேச்சில் இபு விந்தார்தி, போன வருஷக் கடைசியில் மார்சூடியைக் கூப்பிட்டு ஒரு பேச்சுச் சொன்னார். விடுதியில் நாற்பது தூங்குமூஞ்சி மரம், அது போக மூங்கில் புதர். மழை பிடிக்குமுன் எல்லாவற்றையும் கவாத்து செய்யவேண்டும். கிளைகளை எரிக்கக் கூடாது, விருந்தாளிகளுக்குப் புகை ஆகாது. குவித்தும் வைக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது. அங்கேயே நறுக்கிப் பாத்திகளுக்கு மூடாக்காகப் பரப்பிவிடவேண்டும். அடுத்த நவம்பர் முதல் திங்கட்கிழமை மெஷினோடு வந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் அவனுக்கு. வராவிட்டால் செமாராங்கிலிருந்து ஒரு கம்பெனி வரும். இரண்டு வருஷ வேலை என்றால் மார்சூடி இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவன் அன்று ராத்திரி தூங்கவில்லை என்று அவன் பெண்சாதி சொன்னாள்.

கிளை நறுக்கும் மெஷின் சும்மாவா வரும். எங்கள் ஊரில் தோட்டத்தொழில் ஊக்குவிப்பு மையம் என்று ஒன்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை மையம் போட்டு மெஷின் வாங்கித் தரும். மார்சூடி தன் மோட்டார் பைக்கை விற்றுப் பங்கைக் கட்டினான். அன்றிலிருந்து சைக்கிள்தான். அதுவும் மலை ஏறும்போது சைக்கிள் அவன்மேல்தான் வரும்.

பணம் கட்டுவது சுலபம், ஒரே ஜன்னலில் முடிந்துவிட்டது. மெஷின் தேவை என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். அதற்கான ஜன்னலில் இபு எந்தா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார், மார்சூடிக்குப் பதில் பேச நான் கூடப் போனேன். மார்சூடியிடம் மெஷின் இல்லை என்று தெருத் தலைவரின் கடிதம் கேட்டார், தந்தோம். தெருத் தலைவர் பொய் சொல்லவில்லை என்று வட்டார அலுவலகக் கடிதம் கேட்டார், அதையும் தந்தோம். எல்லாவற்றிலும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. அம்மாள் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெஷின் இல்லாத போட்டோ எங்க?"

"இல்லாதத எப்படிம்மா போட்டோ எடுக்கறது?" என்றேன் நான்.

"அது வந்து நிக்கப்போற இடம் இருக்குமில்ல, அந்தக் காலி இடத்த எடுக்கணும். விண்ணப்பம் போட்டவர் பக்கத்துல நின்னு கையக் காட்டணும்."

எடுத்தோம். மார்சூடி தன் கொல்லையில் கொட்டகைக்கு அடியில் நின்று, வெறும் தரையைக் கையால் காட்டினான். ஒன்பது நாள் கழித்துப் படம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: இடம் காலியாக இல்லை. கோழி உள்ளது.

நான் படத்தைத் தூக்கிக்கொண்டு போய், கோழி கிளை நறுக்காது என்று சொன்னேன். இபு எந்தா கோபப்படவில்லை. தணிக்கைக்காரர் வந்து, இங்கே ஏற்கெனவே ஏதோ ஒன்று இருக்கிறதே என்று கேட்டால் தான் என்ன பதில் சொல்வது என்று என்னையே கேட்டார். இரண்டாவது படத்தில் கோழி இல்லை. ஆனால் மார்சூடி சிரித்துவிட்டான். தேவைப்படுகிறவர் சிரிக்கக் கூடாதாம். மூன்றாவது படத்தில் அவன் முகத்தைப் பார்த்தால் யாரோ செத்துப்போன இடத்தைக் காட்டுகிற மாதிரி இருந்தது. உடனே முத்திரை குத்திவிட்டார்கள்.

ஜூலையில் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை, மையத்தின் மண்டபத்தில், அடையாளபூர்வமாக இயந்திரம் வழங்கும் விழா, பாத்திக் சட்டை அணிந்து வரவும். மார்சூடி தன் கல்யாணத்துக்குப் போட்ட பூச்சாயப் பாத்திக்கை எடுத்துப் போட்டான். பிக்கப்பைக் கழுவி, மெஷினைக் கட்டிக் கொண்டுவரப் புதுக் கயிறும் வாங்கி வைத்தான்.

மண்டபத்தில் மெஷின் இருந்தது. ஆரஞ்சு நிறம், இரண்டு சக்கரம், யானைக் காது மாதிரி விரிந்த வாய். கழுத்தில் சிவப்பு ரிப்பன். பக்கத்தில் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்த தும்பெங். மெஷின் ஒன்றுதான், பங்கு கட்டிய தோட்டக்காரர்கள் பத்துப் பேர். பத்துப் பேர் சார்பாக மார்சூடி பெற்றுக்கொள்வார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மற்ற ஒன்பது பேரும் பாத்திக் சட்டையில் கைதட்டினார்கள். அவர்களும் புதுக் கயிறு வாங்கி வந்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மையத்தின் தலைவர் பாக் ஹந்தோகோ பேசினார், பாக் என்றால் ஐயா. நல்ல குரல். நான் அதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"போன வருஷம் இந்த ஒரே மெஷின நாப்பத்தேழு பேருக்கு வழங்கினோம். இந்த வருஷம் அதே மெஷின அறுபது பேருக்கு வழங்கப்போறோம். செலவு கூடல, பயனாளிங்க கூடியிருக்காங்க. வளர்ச்சின்னா இதுதான். மெஷின் வரும், போகும். விழாதான் மனுஷங்க மனசுல நிக்கும்."

பிறகு மார்சூடியை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு மீட்டர் நீளத்தில் அட்டையில் செய்து தங்கத்தாள் ஒட்டிய சாவியைக் கையில் கொடுத்தார்கள். அந்த மெஷினுக்குச் சாவியே கிடையாது, கயிறு இழுத்துக் கிளப்புவது. இருந்தாலும் வாங்கிக்கொண்டான். பதினாறு போட்டோ எடுத்தார்கள். பெற்றுக்கொண்டேன் என்று நாலு பிரதியில் கையெழுத்து வாங்கினார்கள். ஆளுக்கொரு அட்டைப் பெட்டி கொடுத்தார்கள், உள்ளே லெம்பெர் என்கிற இலைச்சுருள் சோறு ஒன்று, அவித்த கடலை, தண்ணீர் குவளை. நாங்கள் தின்று முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மையத்து டிரைவர் கியாந்தோ, அண்ணன் என்கிற மாதிரி எல்லாரும் மாஸ் என்று கூப்பிடுகிறவர், மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். நாளைக்குப் பக்கத்து வட்டாரத்தில் வழங்கவேண்டும் என்றார் கியாந்தோ. பாவம், நல்ல மனுஷன். அந்த மெஷினைத் தான் ஆறு வருஷமாக ஊர் ஊராக ஏற்றி இறக்குவதாகவும், இன்றுவரை அது எப்படிச் சத்தம் போடும் என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார். வாராவாரம் துடைத்து மெருகு போட்டு, கத்திக்குப் புது பிளாஸ்டிக் சுற்றுவதுதான் தன் வேலை என்றார். மார்சூடி சாவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாங்கி வந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

சுற்று முடிந்ததும் மெஷின் வரும் என்று இபு எந்தா சொன்னார். எந்தச் சுற்று என்று சொல்லவில்லை.

ஆகஸ்டில் மறுபடி அழைப்பு. சந்தோஷமாகப் போனோம். போனால், வேறு வட்டாரத்து விழா. அங்கே பெற்றுக்கொள்ள வேண்டியவர் வயிற்றுப்போக்கில் வரவில்லை. மார்சூடி ஏற்கெனவே ஒரு தடவை பெற்றுக்கொண்டவர், சாவியைத் தலைகீழாகப் பிடிக்காத அனுபவசாலி, அதனால் அவரைக் கூப்பிட்டோம் என்றார் பாக் ஹந்தோகோ. அவனும் மறுபடி பெற்றுக்கொண்டான், மறுபடி நாலு பிரதியில் கையெழுத்துப் போட்டான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. நான் அவன் காலை மிதித்தேன், அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

ஆக மையத்தின் பேரேட்டில் மார்சூடிக்கு இப்போது இரண்டு மெஷின்.

செப்டம்பரிலிருந்து மாதாந்திரப் பயன்பாட்டு அறிக்கை கேட்டார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை கிலோ நறுக்கியது, பக்கத்து வீட்டார் மனநிலை எப்படி. மார்சூடி நேர்மையானவன். எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டான். பக்கத்து வீட்டார் மனநிலை என்ற கட்டத்தை என்னிடம் நீட்டினான். நான் எழுதியதை இங்கே சொல்ல முடியாது.

பத்தே நாளில் கண்டனக் கடிதம். பொதுப் பணத்தில் வாங்கிய இயந்திரங்களைத் தாங்கள் சும்மா போட்டுவைத்திருப்பது மையத்தை ஆழ்ந்த வருத்தத்தில் ஆழ்த்தியுள்ளது என்று இருந்தது. இரண்டு இயந்திரங்களையும் என்று அடிக்கோடு வேறு.

இபு எந்தாவிடம் போய் மேசையைத் தட்டினேன். மெஷின் அவனிடம் இல்லையே அம்மா என்றேன். பெற்றுக்கொண்டதாக எட்டுக் கையெழுத்து இருக்கிறதே என்றார். சரி, அவன் கடன் வாங்கியாவது வேறு மெஷின் வாங்கிக்கொள்ளட்டும், கட்டின பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அம்மாளுக்கு உண்மையிலேயே குழப்பமாகிவிட்டது.

"அவருதான் ரெண்டு வச்சிருக்காரே இபு, மூணாவது எதுக்கு? மெஷின் அவரோடதுதான். எங்ககிட்ட நிக்குது, அவ்ளோதான் வித்தியாசம்."

அக்டோபர் கடைசி வாரம், வியாழக்கிழமை காலை, ஒரே மாதிரி ஜாக்கெட் போட்ட மூன்று பேர் மார்சூடி வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். பின்னால் மையத்து லாரி, அதில் மெஷின். ஆய்வுப் படிவத்தில், பயனாளியின் இடத்தில் இயந்திரம் நிற்கும் படம் ஒட்டவேண்டுமாம். இயந்திரம் இங்கே இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். கியாந்தோ அதைக் கொட்டகைக்கு அடியில், நாங்கள் மூன்று தடவை படம் எடுத்த அதே இடத்தில் இறக்கி நிறுத்தினார். கோழி ஓடிப்போய் வேலியோரம் நின்றது.

மூன்று பேரும் மெஷினைச் சுற்றி வந்தார்கள். குனிந்தார்கள், முகர்ந்தார்கள். பெரியவர் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"கத்தியில சுத்தின பிளாஸ்டிக்கக்கூட நீங்க பிரிக்கலியே, பாக் மார்சூடி. எத்தன பேரு இதுக்காக ஏங்கிக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மார்சூடி மாமரத்தடியில் போய் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போனபோது தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வண்டிய வித்திருக்கக் கூடாதுக்கா. சைக்கிள்ல அரிவாள கட்டிக்கிட்டுப் போறப்ப என் பசங்க என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிக்கிறாங்க."

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அதற்குள் ஆய்வுக் குழு முடிவெழுதிவிட்டது. பயன்படுத்தத் தவறிய காரணத்தால் இயந்திரங்கள் பறிமுதல். வருகிற திங்கட்கிழமை மண்டபத்தில் முறைப்படி திரும்பப் பெறும் விழா. நவம்பர் முதல் திங்கட்கிழமை. மலைமேல் இபு விந்தார்தி காத்துக்கொண்டிருக்கிற அதே திங்கட்கிழமை.

கியாந்தோ மெஷினை லாரியில் ஏற்றப் போனார். பெரியவர் தடுத்துவிட்டார். ஒருவரிடம் இல்லாத பொருளை அவரிடமிருந்து எப்படித் திரும்பப் பெறுவது, விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார். ஆகவே திங்கட்கிழமை வரை மெஷின் மார்சூடியிடம் இருக்கும், அவரே மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும் என்று எழுதி, அதிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலமே அழைப்பிதழ் வந்தது. நான் அதை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. நேரே மார்சூடி வீட்டுக்குப் போனேன்.

"அந்த அட்டைச் சாவி எங்கடா தம்பி?"

கோழிக்கூட்டுக்கு மேலே இருந்தது. ஓடு உடைந்த இடத்தில் மழைச்சாரலுக்கு மறைப்பாக அவன் பெண்சாதி செருகி வைத்திருந்தாள். தங்கத்தாளில் கோழி தன் பங்குக்கு நாலு கையெழுத்துப் போட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு அன்றைக்குக் கைதட்டிய ஒன்பது தோட்டக்காரர்களுக்கும் போன் போட்டேன். நீங்களும் பெற்றுக்கொண்டவர்கள்தானே, திங்கட்கிழமை காலை கயிறோடு வாருங்கள் என்றேன். விஷயத்தைக் கேட்டதும் மார்சூடி பயந்துவிட்டான், இது சரியா அக்கா என்று ஏழெட்டுத் தடவை கேட்டான். அவர்கள் உனக்குக் கொடுத்ததைத்தான் நீ திருப்பிக் கொடுக்கப்போகிறாய், ஒரு துண்டு குறையாமல் கொடுக்கப்போகிறாய் என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பது பேரும் மெஷினைப் பிக்கப்பின் பின்னால் பூட்டி மலையேறினார்கள். ஏழு மணிக்கு நானும் மார்சூடியும் பாத்திக் உடுத்தி, சாவியை ஒரு புதுத் துணியில் சுற்றி மண்டபத்துக்குக் கிளம்பினோம். சைக்கிளில் அவன் மிதிக்க நான் பின்னால். என் எடைக்கு அவன் மிதித்த மிதியை ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

மண்டபத்து வாசலில் மலர்ப் பலகைகள். இனிய மீட்புக்கு வாழ்த்துகள் என்று பூவால் எழுதியிருந்தது. முன் வரிசையில் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி, அடிக்கடி கைக்கடிகாரத்தையும் தும்பெங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேசிய கீதம், பிரார்த்தனை, அப்புறம் பாக் ஹந்தோகோ.

"கொடுக்கறது யாரு வேணா கொடுக்கலாம். கொடுத்தத ஒரு கீறல் இல்லாம திருப்பி வாங்கறதுலதான் நிர்வாகத்தோட திறமை இருக்கு. ஆறு வருஷமா நம்ம மெஷின் ஒரு கிளையக்கூட நறுக்கினதில்ல. பராமரிப்புல மாகாணத்துலயே நமக்குத்தான் முதல் பரிசு."

கைதட்டல். மார்சூடி மேடையேறினான். துணியைப் பிரித்து, ஒரு மீட்டர் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். பாக் ஹந்தோகோ சிரித்தபடியே கேமராவைப் பார்த்துக்கொண்டு, பல்லுக்கிடையில், மெஷின் எங்கே என்று கேட்டார். மார்சூடி என்னைப் பார்த்தான். நான் மேடையோரம் போய்ப் பணிவாகக் குனிந்தேன்.

"மலைமேல வேலையில இருக்குங்க பாக். கொடுத்தப்ப சாவியத்தான் அடையாளமா கொடுத்தீங்க, அதையேதான் திருப்பிக் கொண்டாந்திருக்கோம். அழைப்பிதழ்லயும் அடையாளபூர்வமான்னுதான் போட்டிருக்கு."

பாக் ஹந்தோகோ தலைக்கு மேலே தொங்கிய பதாகையைத் திரும்பிப் பார்த்தார். அடையாளபூர்வமாக என்ற வார்த்தை அதில் நாலு முழ நீளத்துக்கு இருந்தது. முன் வரிசையைப் பார்த்தார். மாவட்ட அதிகாரி கைதட்டத் தயாராக இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாவி கொடுத்தால் மெஷின் கொடுத்ததாகாது என்று இப்போது சொன்னால் ஆறு வருஷத்து விழாவும் என்ன ஆவது. மனுஷர் சாவியை வாங்கிக்கொண்டார். பதினாறு போட்டோ எடுத்தார்கள். நல்ல நிலையில் இரண்டு இயந்திரங்களும் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று இந்தத் தடவை நாலு பிரதியில் அவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் லெம்பெர் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மெஷின் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. கத்தியில் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரித்து மதில் சுவரோரம் மடித்து வைத்திருந்தார்கள். மூங்கில், தூங்குமூஞ்சிக் கிளை, எது போட்டாலும் சீவலாக வந்து விழுந்தது, பச்சை வாசனை மலை முழுக்க. மார்சூடி பாத்திக் சட்டையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை, அப்படியே ஒரு கிளையை இழுத்து வாய்க்குள் கொடுத்தான். அது விழுங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மழைக்கு நாலு நாள் முன்பே வேலை முடிந்தது. இபு விந்தார்தி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார், ஒரே பிரதியில்.

பத்துப் பேர் சார்பாகப் பெற்றுக்கொண்டோமே என்று மார்சூடி மெஷினைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. விடுதி வேலை போக மீதி நாளில் முறை வைத்து மற்ற ஒன்பது பேருக்கும் போகிறது. யாரும் தேடி வரவும் முடியாது. காகிதத்தில் அது மையத்துக் கிடங்கில், நல்ல நிலையில், இரண்டாக நிற்கிறது.

மூன்று வாரம் கழித்து மாஸ் கியாந்தோ வந்தார். லாரியைத் தள்ளி நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கொட்டகையோரம் நின்றார். வியாழக்கிழமை வடக்கு வட்டாரத்தில் வழங்கும் விழா, பதாகை அடித்தாயிற்று, தும்பெங்குக்குச் சொல்லியாயிற்று. கிடங்கில் மெஷின் இருப்பதாகப் பேரேடு சொல்கிறது, ஆனால் கிடங்கில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு காலை நேரத்துக்குக் கொடுக்கமுடியுமா என்று பாக் ஹந்தோகோ கேட்டு அனுப்பியிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். மார்சூடி கையைக் காட்டி என்னை நிறுத்தினான். அவன் என்னை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. சட்டையில் ஒட்டியிருந்த மரச்சீவலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கியாந்தோவிடம் நிதானமாகச் சொன்னான்.

"தர்றோம் மாஸ், அதுக்கென்ன. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. உங்க கிடங்குல மெஷின் இல்லாத இடத்த ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பாக் ஹந்தோகோ பக்கத்துல நின்னு கையக் காட்டணும்."

கியாந்தோ தலையாட்டிவிட்டு லாரியில் ஏறினார். மார்சூடிக்கு அப்போது ஏதோ ஞாபகம் வந்து, வாசல்வரை போய்க் கூப்பிட்டான்.

"சிரிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க மாஸ். கோழியும் இருக்கக் கூடாது."